பொதர் ஆடுது

வெள்ளிமலை முருகவேலுக்குச் சில நாளாகச் சோறு இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமன் மகன் சின்னராசுவின் குரல்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒருத்தன் குரல் இன்னொருத்தன் தொண்டையில் எப்படி நிற்கும் என்று கேட்காதீர்கள். நின்றது.

முருகவேல் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றுகிறவன். கை ஓய்ந்தால் போதும், போனில் கேம். வீட்டுக்குள் சிக்னல் வராது. கோழிக் கூண்டை ஒட்டின பாறைமேல் ஏறி உட்கார்ந்தால்தான் வரும். நாலு பேர் ஒரு கட்சியாக வானத்திலிருந்து குதித்து, ஒளிந்திருக்கிற எதிரியைத் தேடிச் சுடுகிற ஆட்டம் அது. அவரவர் ஊரில் இருந்தபடியே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பேசி ஆடலாம். சின்னராசு கள்ளக்குறிச்சியில் ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறவன். அங்கிருந்தே இவனோடு சேருவான். சுடுவதில் சின்னராசு கெட்டி. எதிரி எங்கே பதுங்கியிருக்கிறான் என்று மோப்பம் பிடிப்பதில் முருகவேல் கெட்டி.

முருகவேல் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால் அதன் பேரைச் சொல்லக்கூடாது. பேர் சொன்னால் அதற்குக் காது கேட்டுவிடுமாம். "பொதர் ஆடுது" என்று, ஏதோ புதர் அசைகிறதைச் சொல்கிற மாதிரி, பக்கத்தில் இருக்கிறவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி முணுமுணுக்க வேண்டும். பிறந்ததிலிருந்து பழகின வாய் கேமில் மட்டும் மாறுமா? எதிரி தலை தெரிந்தால் அங்கேயும் அதே பேச்சுதான்.

"மச்சான், பொதர் ஆடுது."

"இன்னா மச்சான், மொட்ட மாடில ஏது பொதரு?" என்று சின்னராசு முதலில் சிரித்தான். சிரித்தவன் வாயிலேயே பிறகு அது ஒட்டிக்கொண்டது.

அப்புறம்தான் வந்தது வினை. அந்தக் கேமைத் தமிழில் பேசவைக்கச் சென்னைக் கம்பெனி ஒன்று கிளம்பியது. ஆடுகிற பிள்ளைகளே பேசி அனுப்பலாம், பிடித்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று அறிவித்தது. அந்த நேரம் பார்த்து மலையில் மழை. டவர் படுத்துவிட்டது. முருகவேலுக்குச் சேதியே தெரியாது. மழை விட்டு, பாறைமேல் ஏறி, கேமைத் திறந்து குதித்தானோ இல்லையோ, காதுக்குள் ஒரு அலறல்.

"பொதர் ஆடுதுடோய்ய்ய்!"

சின்னராசு குரல்! ஆனால் சின்னராசு அன்றைக்கு ஆடவே இல்லை. எதிரி கிட்டே வரும்போதெல்லாம் கேமே அவன் குரலில் கத்தியது. உளுந்தூர்பேட்டையில் ஆடுகிறவன் காதிலும் அதே குரல், திருக்கோவிலூரில் ஆடுகிறவன் காதிலும் அதே குரல். முருகவேல் ஒயரைப் பிடுங்கி எறிந்தான். அது முள்வேலியில் மாட்டி அறுந்தது.

"கத்துறான் பாரு! பொதர் ஆடுதுன்னு கத்துனா பன்னி நின்னுக்கினு இருக்குமா?" என்று மனைவி மீனாவிடம் பொரிந்தான்.

"உனக்குப் பன்னி போறது கவலையா, பேரு போனது கவலையா?"

"எம் பேச்சுடி அது!"

"அப்ப வாயில பூட்டு போட்டுக்கினு ஆடியிருக்கணும்."

அன்றையிலிருந்து கம்பெனிக்காரர்களைத் திட்டாமல் அவன் ஒரு மூட்டை தூக்கினதில்லை. "ஆடறதுக்குக் காசே இல்லன்னு கூப்புடுவான். உள்ள போனா சட்டைக்குக் காசு, தொப்பிக்குக் காசு, துப்பாக்கிக்குப் பெயின்ட் அடிக்கக் காசு. மாசத்துக்கு ஒருக்கா புதுசு பண்றேன்னு சொல்லி போனுல இருக்கிற எடத்தையெல்லாம் முழுங்கிடுவான். இப்ப ஆடறவன் வாய்ப் பேச்சையும் எடுத்துக்கினான். ஏசி ரூம்ல குந்திக்கினு பொதர கண்டானா, பன்னிய கண்டானா?" லாரிக்காரர்கள் தலையாட்டினார்கள். கேம் ஆடாதவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆனால் உள்ளே எரிந்தது கம்பெனியால் அல்ல. கல்யாணத்துக்குப் போனால் பொடிசுகள் சின்னராசுவைச் சுற்றிக்கொண்டு, "அண்ணே, ஒருவாட்டி கத்துங்கண்ணே" என்று கெஞ்சின. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த முருகவேலிடம், "நீங்க அவருக்குச் சொந்தமா?" என்று ஒருத்தன் கேட்டான். பாயசம் கசந்தது.

பிறகு ஒருநாள் சின்னராசுவே பைக்கில் மலை ஏறி வந்தான். கையில் ஜிலேபிப் பொட்டலம்.

"மச்சான், கம்பெனில இன்னொண்ணு கேக்குறாங்க. ஆட்டம் ஜெயிச்சா போடுற கூச்சல். உங்க மலையில எதுனா இருக்குமே?"

"மொத வார்த்தைக்கு எம் பேரச் சொன்னியா?"

"சொன்னேனே! ஒரு கூட்டாளி கத்துக்குடுத்தான்னு."

"கூட்டாளிக்குப் பேரு வெக்கலியா அவங்கம்மா?"

"கோச்சிக்காத மச்சான். அவங்க அவ்ளோதான் கேட்டாங்க."

ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று, முருகவேல் பேச்சால் வந்த ஜிலேபியைப் பிரித்து எல்லாருக்கும் சின்னராசுவே எடுத்துக் கொடுத்தான். முருகவேல் ஜிலேபியைத் தொடவில்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அப்படி அனுப்பினால் இவன் வேறெங்காவது ஒரு வார்த்தையைப் பிடித்து அதற்கும் பேர் வாங்கிவிடுவானே! அப்போது கொல்லைப்பக்கம் முருகவேலின் அம்மா பெரியம்மாள் கோழிகளைத் தீனிக்குக் கூப்பிட்டாள். "லொர்ரே, லொர்ரே, லொர்ரேஏஏ!" அவளுடைய மாமியார் பழக்கிவிட்டுப் போன கூவல் அது. அந்த வீட்டுக் கோழிக்குத் தவிர வேறு எந்தக் கோழிக்கும் புரியாது.

முருகவேல் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"இருக்குது மச்சான். வேட்டையில பன்னி சாஞ்சதும் எங்காளுங்க போடுற கூச்சல். லொர்ரே, லொர்ரே, லொர்ரேஏஏ!"

"அட, சூப்பரா கீதே! அத்தயும் இப்ப அதத்தான் கத்துனாங்க?"

"பழக்கம் வுடல."

சின்னராசு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கிப் போனான். அன்றைக்குத்தான் முருகவேல் வயிறாரச் சாப்பிட்டான். கோழியைக் கூப்பிடுகிற கூவலைக் கேமில் போடட்டும், ஊரே கைகொட்டிச் சிரிக்கட்டும், அப்புறம் எந்தப் பொடிசு சின்னராசு சட்டையைப் பிடித்துத் தொங்குகிறது பார்க்கலாம் என்று காத்திருந்தான்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. சிரித்துவிட்டு அதையே கத்தவும் ஆரம்பித்தது. சங்கராபுரம் பஸ்ஸில் கல்லூரிப் பிள்ளைகள் "லொர்ரே" என்றார்கள். கபடி ஜெயித்தவன் "லொர்ரே" என்றான். முதல் வார்த்தைக்குக் கிடைத்ததைவிட இதற்கு ஜாஸ்திப் பேர்.

முருகவேலுக்குப் பழையபடி சோறு இறங்கவில்லை. ஆனாலும் ஆட்டத்தை விட முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் பாறைமேல் உட்கார்ந்து தனியாளாக ஆடினான். ஒயர்தான் அறுந்துபோயிற்றே, ஸ்பீக்கரில்தான் சத்தம். அன்றைக்கு என்னவோ கை கூடிவந்தது. பதுங்கிப் பதுங்கி, கடைசி எதிரியையும் சாய்த்தான். சொந்தக் கையால் ஜெயித்த ஆட்டம். மனசு குளிர்ந்த அந்த நொடியில் போன் கூவியது.

"லொர்ரே, லொர்ரே, லொர்ரேஏஏ!"

வேலிக்கு அந்தப்புறம் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் சிறகடித்து ஓடிவந்தன. குஞ்சுகளோடு பாறையைச் சுற்றி நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் போனைப் பார்த்தன.

சாமைத் தட்டோடு வந்த பெரியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா இது! உம் போனு கூப்புட்டா ஓடியாருதுங்க?"

"போன் இல்ல அத்த, சின்னராசு அண்ணன் கூப்புடுறாரு" என்றாள் மீனா.

முருகவேல் போனை மடியில் கவிழ்த்துவிட்டு, தானே வாயைக் குவித்துக் கூப்பிட்டுப் பார்த்தான். "லொர்ரே, லொர்ரே..."

ஒரு கோழிகூட அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாம் அவன் மடியையே பார்த்துக்கொண்டு நின்றன.