எங்கள் வகுப்பின் கஞ்சாத் தேர்தல்

ஊருக்குப் போகும் நமுனுகுல பஸ் வருவதற்குள், நெட் கஃபேயில் உட்கார்ந்து எங்கள் வகுப்பு வலைப்பூவில் இதைத் தட்டிவிடுகிறேன்.

பெரியவர்கள் கஞ்சா பிடித்தால் குற்றமில்லை என்று சட்டம் கொண்டுவரலாமா? அமெரிக்காவில் ஒரு மாநிலத்தில் இதற்கு மக்களிடமே ஓட்டுக் கேட்கிறார்களாம். எங்களுக்குப் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து சேர் காலி சோக்கட்டிப் பெட்டியை வாக்குப் பெட்டியாக மேசையில் வைத்து, "நீங்களும் ஒருக்கா ஓட்டுப் போட்டுப் பாருங்கோ" என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யூனியன் தலைவர் காட்டும் சின்னத்துக்குத்தான் லயத்து வீடுகள் முழுக்க ஓட்டு. வகுப்பில் அவர் மகன் கணேசன். "எல்லாரும் வேணாம்னு போடுங்கடா" என்றான். வகுப்பே தலையாட்டியது, நானும்தான்.

அப்போது செல்வி எழுந்தாள். ஒரு பொட்டலம் கஞ்சாவோடு பிடிபட்ட அவள் அண்ணன், ஒரு மாதமாக உள்ளே இருக்கிறார்.

"கஞ்சா நல்லதுன்னு சொல்ல வரலைங்க சேர். அதுக்குப் போய் ஜெயிலான்னு யோசிச்சிட்டுப் போடட்டும்."

கணேசன் திரும்பி முறைத்தான். ஆனால் முடிக்கும்வரை அவள் உட்காரவில்லை.

வேணாம் இருபது, வேணும் பதினாறு. தோற்றுவிட்டோம்.

"பதினாறா சேர்?" என்று இரண்டு தரம் கேட்ட செல்வி, ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தாள்.

"எவன்டா என் பேச்ச மீறினது?" என்று கணேசன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ரகசிய வாக்கெடுப்புடா. அப்படி ஒண்ணு இருக்குன்னு உங்கப்பாகிட்டயும் போய்ச் சொல்லு."

பதினாறில் ஒன்று என்னுடையது, பெருமையாகவே சொல்கிறேன். மற்ற பதினைந்து பேரும் கீழே பின்னூட்டத்தில் பெயரைப் போடுங்கள் பார்ப்போம். கணேசனும் படிப்பான்.