சொல்லுக்குப் பின்னால் ஒரு வால்

இந்த நாட்டில் எல்லாமே மேலே போகிறது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒரு முறை வேலை முடிந்து போகிறவர்கள் அடுத்த முறைக்கு வருகிறவர்களிடம், அங்கிருக்கும் ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு ஹான்ட்ஓவர் என்று பெயர். வந்த புதிதில் ஒரு மூலையில் நின்று அதைக் கேட்பேன். யாரும் வெறுமனே விழிக்கவில்லை, வோக் அப். வெறுமனே எழும்பவில்லை, கொட் அப். கஞ்சியைச் சாப்பிட்டு முடித்தவர் ஏட் அப். வாந்தி எடுத்தவர் த்ரூ அப். அப் என்றால் மேலே என்றுதான் நான் படித்திருந்தேன். வாந்தி மேலே வருவது சரி, கஞ்சி கீழே அல்லவா போகிறது என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். அதற்குள் அவர்கள் அடுத்த ஆளின் கதைக்குப் போய்விடுவார்கள்.

சண்டிலிப்பாயில் நான் படித்த காலத்தில் ஆங்கிலம் என்றால் வினைச்சொல்லின் மூன்று வடிவங்கள். கிவ், கேவ், கிவன். டேக், டுக், டேக்கன். தேவாரம் பாடமாக்குவது போல எல்லாரும் சேர்ந்து ராகத்தோடு சொல்லுவோம். சாதாரண தரப் பரீட்சையோடு நான் படிப்பை நிறுத்தியபோது அந்த ராகம்தான் மிஞ்சியது. இந்தச் சொற்களுக்குப் பின்னால் வால் ஒன்று இருக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கேவ் என்றால் கொடுத்தாள். கேவ் அப் என்றால் கைவிட்டாள், கேவ் இன் என்றால் பணிந்துபோனாள். லுக்ட் என்றால் பார்த்தாள். லுக்ட் ஆஃப்டர் என்றால் பராமரித்தாள், என் வேலையே அதுதான். லுக்ட் டவுன் ஒன் என்றால் ஏளனமாகப் பார்த்தாள், சில நாட்களில் அதுவும் என் வேலையோடு சேர்ந்து வரும்.

இங்கே வருவதற்காக மருதனார்மடம் சந்தியில், ஒரு கடைக்கு மேல்மாடியில் நடந்த ஆங்கில ரியூசனுக்குப் போனேன். கீழே சந்தை இரைச்சல், மேலே நாங்கள். மற்றவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக் கலியாணம் பொருந்தியிருந்த பெட்டையள். கடைசி வாங்கில் இருந்த என்னை ஒருத்தி திரும்பிப் பார்த்து, "அக்கா, உங்கடை மாப்பிளை எந்த நாட்டிலை?" என்று கேட்டாள். "தோட்டத்திலை வெங்காயத்துக்குத் தண்ணி மாறிக்கொண்டு நிக்கிறார்" என்றேன். வகுப்பே சிரித்தது. கூச்சப்படுகிற நான் அந்த மாடியில் சத்தமாகச் சொன்ன ஒரே வசனம் அதுவாக இருக்கலாம், அதுவும் தமிழில். நானும் அவரும் மகள் தர்சியும் ஒன்றாகப் போவது என்றுதான் ஆயத்தம் செய்தோம். ஆங்கிலச் சோதனையில் சித்தியடைந்து என் கடதாசிகள் சரிவரும் முன்னர், இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது என்று இங்கே சட்டம் மாறிவிட்டது. தனியே வெளிக்கிட்டேன். படலையடியில் வாய் தவறி "போறன்" என்றேன். தர்சி அழுகையோடு அதட்டினாள். "போறன் எண்டு சொல்லாதைங்கோ அம்மா. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ." சொன்னேன். இப்போதும் தொலைபேசியை வைக்கும்போது "வைக்கிறன்" என்றால் விடமாட்டாள், போய்விட்டு வருகிறேன் என்ற அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும்.

இல்லத்தின் பொறுப்பாளர் டெபி கெட்டவர் அல்ல. முதல் கிழமை முடிவில் "ஹவ் டிட் யூ கெட் ஒன்?" என்று கேட்டார். எப்படிச் சமாளித்தாய் என்று கேட்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. எதில் ஏறினாய் என்று விளங்கிக்கொண்டு, "பை பஸ்" என்றேன். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு, "லவ்லி" என்று சொல்லிப் போனார். அதன் பிறகு ஹான்ட்ஓவரில் எனக்காக வேறு யாராவது பேசினார்கள். இந்த வசந்த காலத்தில் டெபி என்னைத் தனியே கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை என் பகுதிக்கு நானே ஹான்ட்ஓவர் சொல்ல வேண்டும், சொல்ல முடியாவிட்டால் என் விசாவைப் புதுப்பிக்கத் தன்னால் கையொப்பமிட முடியாது என்று, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். இந்த வேலை போனால் இந்த நாடும் போகும். வேறு இடத்துக்கு மாறுவதும் லேசில்லை. இல்லத்தின் வாசற்கதவு இலக்கம் அழுத்தினால்தான் திறக்கும். அந்த இலக்கம் எனக்குத் தெரியும், அங்கே இருக்கிற முதியவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குள் வேறு வித்தியாசம் இல்லை என்று சில நாட்களில் தோன்றும்.

அந்த முதியவர்களில் ஒருவர் ஐவி என்ற மூதாட்டி. மறதி நோயால் மகளின் பெயர்கூட அவருக்குப் போய்விட்டது. யாரோடும் பேசமாட்டார். ஒருநாள் அவருடைய கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டே பழைய ராகத்தை முணுமுணுத்தேன். "கிவ், கேவ்..." கதிரையில் இருந்தவர், "அப்" என்றார். திரும்பிப் பார்த்தேன். யன்னலைப் பார்த்தபடி இருந்தார். "டுக்" என்று சொல்லிப் பார்த்தேன். "ஆஃப்" என்றார். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. நான் சொல்லை எடுத்துக் கொடுப்பேன், அவர் வாலைக் கட்டுவார். ஒரே சொல்லுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வால் வரும். மனம் நல்லாக இருக்கும் நாளில் அப், ஒன், இன். சரியில்லாத நாளில் எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் டவுன், அவே; கீழே, இல்லையென்றால் தூர. அவர் தேநீர் குடிப்பாரா, தள்ளிவிடுவாரா என்பது அந்த வாலிலேயே எனக்குத் தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தபோது கணவரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர், "சரிவராட்டில் விட்டிட்டு வாரும். உமக்குச் சாப்பாடு போட நான் இருக்கிறன்தானே" என்றார். பின்னால் தர்சி, "அப்ப அம்மா வாறாவோ?" என்று கேட்பது கேட்டது. "பொறு பிள்ளை, இன்னும் ஒண்டும் முடிவில்லை" என்றவர் குரலைத் தாழ்த்தி, "தர்சின்ரை படிப்பைத்தான் யோசிக்கிறன்" என்றார். அவர் என்னை வரச் சொன்னாரா, நிற்கச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. தோற்றுவிட்டால் நான் வேண்டுமென்று வந்ததாக இருக்காது, அனுப்பிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லலாம். பயத்துக்கு அடியில் அந்த ஆசையும் எனக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை ஐவி மதியச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். நான் கொடுத்த எந்தச் சொல்லுக்கும் வால் வரவில்லை. பிறகு சத்தமில்லாமல் அழத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். அழுகை அடங்கிய நேரம் என்னை ஹான்ட்ஓவருக்குக் கூப்பிட்டார்கள்.

அறையில் டெபியும், பின்னேர வேலைக்கு வந்தவர்களும் இருந்தார்கள். மற்ற முதியவர்களைப் பற்றிச் சொல்ல முடிந்தது. வோக் அப், சாட் அப், செட்டில்ட் டவுன் எல்லாம் வந்தன. ஐவியின் முறை வந்தது. "ஐவி புரோக்..." என்று தொடங்கி நின்றுவிட்டேன். டவுனா, அப்-ஆ, அவேயா, உடைந்து அழுதார் என்பதற்கு எந்த வால்? வாலைக் கட்ட ஐவி பக்கத்தில் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் அடுத்த மாதம் நான் சண்டிலிப்பாயில் இருந்திருப்பேன். ஆனால் யாரும் சொல்லாவிட்டால், ஐவி சாப்பிடவில்லை என்பது பின்னேரம் வந்தவர்களுக்குத் தெரியாமல் போய்விடும். "ஐவி டிட் நொட் ஈற். ஐவி கிரைட். ஐ சாட் வித் ஹேர்" என்றேன். ஐவி சாப்பிடவில்லை, அழுதார், நான் கூட இருந்தேன். ஒரு பெண் உடனே எழுந்து ஐவிக்குச் சூப் எடுக்கப் போனாள். டெபி, "தற் வில் டூ" என்று தலையசைத்தார். அது போதும் என்று அர்த்தம். கையொப்பம் கிடைத்துவிட்டது. கதவு இன்னும் சில வருடங்களுக்குப் பூட்டிக்கொண்டது.

மேலங்கியைப் போட்டுக்கொண்டு ஐவியின் அறைக்குப் போனேன். சூப் பாதி குடித்திருந்தார். "கோ, வென்ட்..." என்று எடுத்துக் கொடுத்தேன். மற்ற நாட்களில் ஆஃப் என்பார், அவே என்பார். அன்று ஒன்றும் சொல்லாமல் என் கைச்சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் ஆங்கிலத்தில் ஒன்றும் வரவில்லை. "போட்டு வாறன்" என்றேன். பிடித்த கையை விட்டார்.

பஸ் தரிப்பில் நின்று வீட்டுக்கு எடுத்தேன். அங்கே இருட்டிவிட்டிருந்தது. சித்தியடைந்துவிட்டேன் என்றதும் ரீவியின் சத்தத்தை யாரோ குறைத்தார்கள். "நல்லது" என்றார் அவர். "நல்லது, எனக்குத் தெரியும் நீர் செய்வீர் எண்டு." தொலைபேசியைத் தர்சியிடம் கொடுத்தார். அவள் சாப்பிட்டீங்களோ என்று கேட்டாள், குளிரோ என்று கேட்டாள். வருவீங்களோ என்று கேட்கவில்லை. பஸ் வருவது தெரிந்தது.

"சரி பிள்ளை, வைக்கிறன்" என்றேன்.

"அம்மா."

"போட்டு வாறன்."

"ம், இப்ப வையுங்கோ."

சற்று முன் ஐவிக்குச் சொன்னதும் அதே சொல்தான். ஐவிக்குச் சொன்னது நாளைக் காலையே உண்மையாகிவிடும். மகளுக்குச் சொன்னதை வாய்க்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன்.