பின்பக்கமாக வலம் வந்த வண்டி

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவுதான். அம்மா. அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. அம்மாவின் தம்பி, எனக்கு மாமா. நான். அப்புறம் மாமா செய்த மோட்டார் சைக்கிள். அதையும் ஓர் ஆளாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் மற்ற எல்லாரையும்விட அதுதான் அதிகம் சத்தம் போடும்.

அப்பா இல்லை. விடிவதற்கு முன்பே மாட்டு வண்டியில் மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டார். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். அது பிடுங்குகிற காலம். எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் ஆம்பளை என்று ஒருவர்கூட ஊருக்குள் இல்லை. எல்லாரும் கொல்லையில், மல்லாட்டை விளைகிற நிலத்தில், இருந்தார்கள். மாமா மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதன் இரும்புச் சட்டம் ராணுவத்தில் கழித்துப்போட்ட வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிளுடையது. மாமா அதைக் காயலான் கடையில் கண்டுபிடித்தார். சக்கரம் இருந்தது, கியர்ப்பெட்டி இருந்தது, பெட்ரோல் எஞ்சின் உடைந்து கிடந்தது. அதற்குச் சாமான் எங்கும் கிடைக்காது. மாமாவுக்குத் தொழில் கிணற்று எஞ்சின் ரிப்பேர். அதனால் அவருக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் கிணற்றில் கரண்ட் மோட்டார் போட்ட பிறகு, பழைய ஆயில் எஞ்சினை அப்பா கழற்றிச் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தார். டீசலில் ஓடும் சின்ன எஞ்சின். தண்ணீர் இறைக்கிற அந்த எஞ்சினை மாமா தூக்கி வண்டியில் பொருத்திவிட்டார். அப்பாவைக் கேட்கவில்லை.

பக்கத்தில் ஒரு தொட்டியும் வைத்தார். டீசல் டிரம்மை நீளவாக்கில் வெட்டிச் செய்தது. அதற்குத் தனியாக ஒரு சக்கரம். ஆள் படுக்கலாம். மூட்டை ஏற்றலாம். முன்விளக்கு ஒரு டிராக்டருடையது. வண்டிக்கு அது பெரிதாக இருந்தது, ஆந்தை முழிப்பது மாதிரி.

அப்பா அன்றிலிருந்து மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். "உங்க மாமனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று என்னிடம் சொல்வார். "போதும்னு சொல்லு" என்பார் மாமா. நான் நடுவில் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். அவர்களுக்கே கேட்டுவிடும்.

அம்மா அப்போது நிறைமாதம். டவுனில் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்தத் தடவை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது, வலி எடுத்ததும் பெரியாஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று. வலிக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணித்தான் அப்பா மூட்டை ஏற்றினார். உச்சி வெயிலில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அத்தை தெருவுக்கு ஓடினாள். டவுன் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்தது சாயங்காலம். மாட்டு வண்டி ஒன்றும் ஊரில் இல்லை. திரும்பி வந்து மாமாவின் வண்டியைப் பார்த்தாள். அதைப் பார்த்து அவள் காறித் துப்பாத நாள் கிடையாது.

"எடுடா அந்தச் சனியன" என்றாள்.

தொட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயும் பழைய புடவைகளும் போட்டு அம்மாவைப் படுக்க வைத்தார்கள். மாமா கயிற்றை எஞ்சின் சக்கரத்தில் சுற்றி இழுத்தார். அந்த எஞ்சினை அப்படித்தான் கிளப்ப வேண்டும். புஸ்ஸென்றது. மறுபடி சுற்றினார். மறுபடி புஸ். சட்டை நனைந்தது. அத்தை ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு வசவு வைத்திருந்தாள்.

"தண்ணி இறைக்கறதக் கொண்டாந்து தெருவுல ஓட்டறன்னியே, இப்ப ஓட்டேன்!"

"வாய மூடு அண்ணி. அது பயப்புடுது."

அம்மா வலியிலும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியின் விளிம்பைப் பிடித்தாள். அதைப் பார்த்த மாமா முழு பலத்தையும் போட்டு இழுத்தார். எஞ்சின் பாதி சுற்றிவிட்டு எதிர்ப்பக்கம் உதைத்தது. கயிறு அவர் கையைச் சுழற்றி இழுத்தது. டக்கென்று ஒரு சத்தம். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது மணிக்கட்டு வேறு பக்கம் பார்த்தது.

ஆனால் எஞ்சின் ஓடியது.

மாமா கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். அத்தை தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். மாமா கியரைப் போட்டார். வண்டி பின்னால் போய் வைக்கோல் போரில் முட்டியது.

"முன்னால போடான்னா பின்னால போறியே!"

மாமா குனிந்து பார்த்தார். புகை எப்போதும் பின்னால் குழாயில் வரும். இப்போது காற்று இழுக்கிற வாய் வழியாக வந்து அவர் முழங்காலில் அடித்துக்கொண்டிருந்தது. சத்தமும் வேறாக இருந்தது. இருமல் மாதிரி.

"எஞ்சின் தலைகீழா சுத்துது" என்றார். "எந்த கியர் போட்டாலும் பின்னாலதான் போவும்."

"நிறுத்திட்டு மறுபடி கெளப்பு."

"எந்தக் கையால?"

அத்தை அவர் மணிக்கட்டை அப்போதுதான் பார்த்தாள். அவளுக்கு வசவு வரவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, பின்னாலயே போ."

அப்படித்தான் முடிவானது. ஆனால் எந்தப் பக்கம் போவது? எங்கள் ஊரிலிருந்து டவுனுக்கு மலையைச் சுற்றி இரண்டு பக்கமும் போகலாம், தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். வண்டியின் பின்புறம் இருந்த பக்கம் போனால் மலையை இடமாகச் சுற்ற வேண்டும். அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை.

"புள்ளத்தாச்சிய வெச்சிக்கினு இடஞ்சுத்துவாங்களா? வலமாத்தான் போவணும்."

"வண்டியே தலைகீழா ஓடுது, இதுல வலம் இடம் பாக்கறியா அண்ணி!"

"உன் வண்டி எப்படினா ஓடட்டும். எங்க அண்ணாமலையாருக்கு வழி ஒன்னுதான்."

தெருவில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பொம்பளைகள் ஓடிவந்தார்கள். அம்மாவை இறக்காமல், எஞ்சினை நிறுத்தாமல் வண்டியைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். இப்போது எங்கள் முகம் இடம் பார்த்தது. போவது வலமாக. இது எந்தச் சுற்றில் சேர்த்தி என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மாமாவால் கழுத்தைத் திருப்பிக்கொண்டே ஓட்ட முடியாது. ஒற்றைக் கை வேறு. அதனால் என்னை அவர் முதுகில் முதுகு சாய்த்து, போகிற பக்கம் பார்த்து உட்கார வைத்தார். "நீதான் கண்ணு. சொல்லிக்கினே வா" என்றார்.

முதலில் சோத்துக்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம் என்று சொன்னேன். என் சோத்துக்கைப் பக்கம் அவருக்குப் பீச்சாங்கைப் பக்கம். நேராக ஒரு வேலியை நோக்கிப் போனோம்.

"கைக் கணக்க வுடு!" என்று கத்தினார். "மலைப் பக்கம், கொல்லைப் பக்கம்னு சொல்லு!"

அது சரியாக வந்தது. மலை யாருக்காகவும் இடம் மாறாது. மலைப் பக்கம் கொஞ்சம் என்பேன், வண்டி மலைப் பக்கம் வரும். கொல்லைப் பக்கம் என்பேன், அங்கே போகும். அம்மாவின் தொட்டி மலைப் பக்கம் இருந்தது.

நடந்து வலம் வந்தவர்கள் சிலர் இருந்தார்கள். அவர்களை நாங்கள் முந்தினோம். முந்திய பிறகு மாமாவும் அத்தையும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தூரமாகப் போனார்கள். ஒரு காவி கட்டிய சாமியார் கையைத் தூக்கிக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று தெரியாது. அத்தை பதிலுக்குக் கும்பிட்டு, "சாமி, புள்ள நல்லா பொறக்கணும்!" என்று கத்தினாள். கத்தி முடிப்பதற்குள் அவர் சின்னதாகிவிட்டார்.

"தம்பி, எஞ்சினுக்கு எதனா ஆவுமா?" என்று அம்மா கேட்டாள். கருகிய வாடை வந்துகொண்டிருந்தது.

"ஒன்னும் ஆவாது. நீ மூச்சு வுடு."

பொய். தலைகீழாகச் சுற்றினால் எஞ்சினுக்குள் எண்ணெய் ஏறாது, உள்ளே தேய்ந்து பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பிறகு அவரே சொன்னார்.

காஞ்சி ரோட்டுக்கு முன்னால் ஒரு பஸ் வந்தது. எங்களை நோக்கித்தான் வந்தது. ஆனால் டிரைவர் பார்த்தது ஒரு மோட்டார் சைக்கிளின் பின்பக்கத்தை. நாங்கள் அவருக்கு முன்னால் அதே திசையில் போவதாக எண்ணிக்கொண்டார். வேகத்தைக் குறைக்கவில்லை. வழி விடச் சொல்லி ஹாரன் மட்டும் அடித்தார். அவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதலில் சலிப்பு. பிறகு வாய் திறந்தது. வண்டி ஏன் பெரிதாகிக்கொண்டே வருகிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

"கொல்லைப் பக்கம்!" என்றேன். "கொல்லைப் பக்கம், மாமா, கொல்லைப் பக்கம்!"

மாமா வண்டியை ஒடித்துத் திருப்பினார். என் முதுகில் அவர் முதுகு முறுக்கிக்கொண்டது. பஸ் தொட்டியை உரசாத குறையாகப் போனது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. புழுதிக்குள்ளிருந்து அத்தையின் குரல் வந்தது.

"கண்ணு பொட்டையா ஒனக்கு! பின்னால வர்றது தெரியல?"

பஸ் டிரைவரும் புழுதிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். அதை எழுத முடியாது.

டவுனுக்குள் நுழைந்தோம். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்றார்கள். பொடிப் பையன்கள் கூடவே ஓடிவந்தார்கள். பெரியாஸ்பத்திரி வாசலில் மாமா நிறுத்தவில்லை. வண்டியே நின்றது. கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமா எஞ்சின்மேல் கையை வைக்கப் போய், சூட்டில் எடுத்துக்கொண்டார். வெள்ளைப் புடவை நர்சு வந்து தொட்டியைப் பார்த்தார். வண்டி நின்ற விதத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரிய வுட்டு வெளிய போறீங்களா, உள்ள வர்றீங்களா?"

"உள்ளதாம்மா, உள்ளதான்" என்று அத்தை அழுதாள்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் மாமாவும் வெளியே வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். யாரோ அவர் கைக்குக் கட்டுப் போட்டார்கள். அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. கதவையே பார்த்தார்.

வெயில் சாய்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு அழுகைச் சத்தம் வந்தது. சின்னதாக, கோபமாக. மாமா எழுந்தார். அத்தை கதவைத் திறந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"பையன். அவளும் நல்லாருக்கா. கத்தறான்டா. கேக்குதா? கத்தறான்!"

மாமா மறுபடி உட்கார்ந்து சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. அத்தையும் சிரித்தாள். இருவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். நர்சு வந்து, இது ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். டீக்கடையில் எனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கித் தந்தார்கள். இன்னொரு பன் கேட்டேன். அதுவும் கிடைத்தது. அன்றைக்கு எது கேட்டாலும் கிடைத்திருக்கும். எனக்குத்தான் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

இருட்டுகிற நேரம் அப்பா மாட்டு வண்டியோடு வந்தார். யாரோ வழியில் சொல்லியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, இறுகி நின்றுபோன எஞ்சின் முன்னால் குந்தினார். சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா தயாராக நின்றார், வசவு வாங்க.

அப்பா என்னைக் கூப்பிடவில்லை. நேராக மாமாவிடம் கேட்டார்.

"கை வலிக்குதாடா?"

"இல்ல மாமா."

"பொய் சொல்லாத. வா, சாப்புடுவோம்."

மறுநாள் மாமாவின் வண்டியை மாட்டு வண்டிக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்கு வந்தோம். இந்தத் தடவை முன்பக்கமாகவே வந்தது. அந்த எஞ்சின் அப்புறம் ஓடவில்லை. சரிபண்ணக்கூட இல்லை. மாமாவும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஊரில் வருஷத்துக்கு எத்தனையோ குழந்தைகள் பிறக்கின்றன. ஒரு குழந்தை கத்தியதற்கா இவ்வளவு அழுகை, இவ்வளவு சிரிப்பு? பஸ்ஸில் அடிபடாமல் வந்து சேர்ந்ததற்குத்தான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். அதில் என் பங்கு பெரிது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன்.

பல வருஷம் கழித்து எனக்குத் தலைப்பிரசவம் அதே ஆஸ்பத்திரியில். வலிக்கு நடுவில் பேச்சுக்காக அந்தப் பஸ் கதையை எடுத்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, பஸ்ஸை விடு என்றாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் வீட்டிலேயே பிறந்து, ஒரு சத்தமும் போடாமல் போன குழந்தைகள் உண்டாம். ஒவ்வொரு தடவையும் என்னை முன்கூட்டியே தாத்தா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

எத்தனை என்று கேட்டேன்.

மூன்று.