தண்ணீர் வரும்வரை உட்கார்ந்திருந்த அமைச்சர்

முந்தாநாள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நான் வடையைக் கையில் எடுத்த நேரத்தில்தான் தவசிக்கனி அண்ணாச்சியின் ஓட்டுநர் செல்லையா போனில் கூப்பிட்டார். "மெர்சிம்மா, அண்ணாச்சி போயிட்டாவ" என்றார். பிறகு அவரே சொன்னார்: "கஷ்டப்படலம்மா. காலையில இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் பத்தலன்னு அக்காகிட்ட சண்டை போட்டாவ. சாப்பிட்டுட்டுப் படுத்தாவ. எந்திரிக்கல." எனக்கு அழுகை வந்தது. எண்ணெய்ச் சண்டையை நினைத்ததும் சிரிப்பும் வந்தது. வடையைத் தின்றுவிட்டுத்தான் எழுந்தேன். தீனியை வீணாக்கினால் அவருக்குப் பிடிக்காது.

முன்னாள் அமைச்சர் தவசிக்கனி அண்ணாச்சியை இதைப் படிக்கும் பலருக்கும் தெரியும். விளாத்திகுளத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அரசியலுக்கு வந்து அமைச்சரான பிறகும், ஊருக்குப் போனால் கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். அவர் பதவியில் இருந்த காலம் முழுவதும் அவருடைய செய்திக் குறிப்புகளை எழுதும் வேலை எனக்கு. அமைச்சர் எங்கே போனார், எதைத் திறந்தார், என்ன சொன்னார் என்று பத்திரிகைகளுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுதினால் வேலை போய்விடும் என்பதால், சொல்லியிருக்க வேண்டியதை எழுதுவேன்.

அண்ணாச்சியின் ஆய்வுக் கூட்டம் என்றால் அதிகாரிகள் முதல் நாளே கோப்புகளைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள். அவர் கோபக்காரர் என்பதால் அல்ல. 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற வாக்கியத்தை அவர் கூட்டத்தில் யாரும் சொல்லக் கூடாது. ஒருமுறை புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி ஒருவர் தெரியாமல் சொல்லிவிட்டார். அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வருதா? சந்தோசம். இப்ப எங்கன வருது? கயத்தாறு தாண்டிருச்சா?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்துவிட்டு, "இன்னும் கிளம்பலை சார்" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவருக்கு மட்டும் இரண்டாவது காபி வந்தது.

சட்டமன்றத்தில் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பதற்கு முன்னால், அதை வீட்டில் தம் மனைவி சரசு அக்காவிடம் உரக்கப் படித்துக் காட்டுவார். "ஏளா, கேளு" என்று ஆரம்பிப்பார். அக்கா முருங்கைக்கீரை உருவியபடி கேட்டுக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். "அவ கொட்டாவி விடுத இடத்தையெல்லாம் அடிச்சிரும்மா" என்பது எனக்கு உத்தரவு. அக்கா சில சமயம் வேண்டுமென்றே கொட்டாவி விடுவார் என்பது எனக்குத் தெரியும். சீக்கிரம் முடிந்தால் அடுப்பைப் பார்க்கலாமே.

இனி திரேஸ்புரம் பக்கத்துத் தெருக்குழாய்க் கதை. பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்குத் தப்பும் தவறுமாகத் தெரியும். நடந்தது இதுதான்.

அந்தத் தெருவுக்கு நெடுநாளாகக் குடிநீர் கிடையாது. லாரி வந்தால் குடம், வராவிட்டால் சண்டை. புதுக் குழாய் போட்டு, அண்ணாச்சி திறப்பதாக ஏற்பாடு. எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. நிகழ்ச்சி தொடங்கும் முன்பே செய்தியை முடிந்த செய்தியாக எழுதி, 'நிகழ்ச்சிக்குப் பின் வெளியிடவும்' என்று போட்டுப் பத்திரிகைக்காரர்களுக்கு அனுப்பிவிடுவோம். எல்லோரும் செய்வதுதான். நானும், 'குழாயைத் திறந்து வைத்த அமைச்சர், தண்ணீரைக் குடித்துப் பார்த்து, மிகவும் சுவையாக இருப்பதாக மகிழ்ச்சி தெரிவித்தார்' என்று எழுதி அனுப்பியிருந்தேன்.

அண்ணாச்சி ரிப்பனை வெட்டினார். குழாயைத் திருகினார். 'புஸ்' என்று காற்று வந்தது. மறுபடி திருகினார். அதுவும் வரவில்லை.

அதே நேரத்தில் ஒரு தொலைக்காட்சிக்காரர் அவசரப்பட்டு என் செய்தியை வெளியிட்டுவிட்டார். தெருவில் எல்லார் செல்போனிலும் அமைச்சர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மீன் விற்கும் அந்தோணியம்மாள், காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி, "அண்ணாச்சி, ருசியா இருந்துச்சாமே. எங்களுக்கும் ஒரு மடக்கு தந்திருக்கலாம்லா?" என்று கேட்டார்.

பின்னால் நின்ற உயரதிகாரி என் காதருகே குனிந்து, "சாயந்திரத்துக்குள்ள உங்களுக்கு சஸ்பெண்ட் ஆர்டர் வந்துடும்" என்றார். வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான்.

அது அண்ணாச்சியின் காதிலும் விழுந்தது. என்னிடம் செல்போனை வாங்கி, செய்தியை முழுவதும் மைக்கில் வாசித்தார். ஜனங்கள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, "நல்லாத்தான எழுதியிருக்கு? இந்தப் பிள்ளை எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. நாமதான் லேட்டு. இன்னைக்குப் பொழுது அடையுததுக்குள்ள இதை உண்மையாக்கணும். அதுவரை நான் இங்கனதான் இருப்பேன்" என்றார். அப்படியே வலை முடையும் கொட்டகையில் போய், நைலான் வலைக் குவியல் மேல் உட்கார்ந்துவிட்டார். அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் எல்லாம் ரத்து.

பொறியாளர்கள் தெருவில் அங்கும் இங்கும் ஓடினார்கள். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில் உடைப்பு இல்லை. ஆனால் தெருமுனையில் இருந்த வால்வைக் காணவில்லை. அமைச்சர் வருகிறார் என்று முந்தின நாள் அவசர அவசரமாகத் தார் ரோடு போட்டவர்கள், திறக்காத வால்வை மூடியோடு சேர்த்து ரோட்டுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். "எனக்காகப் போட்ட ரோடுதான? நானே சொல்லுதேன், வெட்டுங்க. நான் நடந்து போறேன்."

எங்கே வெட்டுவது என்று யாருக்கும் நிச்சயமில்லை. இங்கே ஒரு குழி, அங்கே ஒரு குழி. மதியம் அந்தோணியம்மாள் சோறும் சாளை மீன் குழம்பும் கொண்டுவந்தார். "சாப்பிடுங்க அண்ணாச்சி. தண்ணி மட்டும் கேக்காதிய." அதற்குள் தெருவே கொட்டகையில் கூடிவிட்டது. ரேஷன் அட்டை, முதியோர் பென்சன், படகு டீசல் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தன் துறை என்ன செய்தது, எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சட்டமன்றத்தில் அவர் பேசிய எந்தப் பேச்சும் அதற்கு ஈடாகாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நான் அதில் ஒரு வரிகூடக் குறித்துக்கொள்ளவில்லை. என் கண்ணெல்லாம் குழியிலும் பொழுதிலுமே இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் வால்வு அகப்பட்டது. திறந்தார்கள். குழாய் இருமியது, செருமியது, பிறகு கொட்டியது. செங்காவி நிறத்தில், துருவும் மண்ணுமாக. பெண்கள் போட்ட குலவை கடற்கரைவரை கேட்டிருக்கும். அண்ணாச்சி டம்ளரை நீட்டினார். நான் பதறிப்போய், "சார், கொஞ்சம் ஓடட்டும், தெளிஞ்சதும் குடிக்கலாம்" என்றேன். "பொழுது அடையப் போவுதும்மா. நீ எழுதிட்ட, நான் குடிச்சுத்தான ஆகணும்" என்று ஒரே மூச்சில் குடித்தார். முகம் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளை மாதிரி ஆனது. வாயைத் துடைத்துக்கொண்டு, உயரதிகாரியைப் பார்த்து, "மிகவும் சுவையாக இருக்கிறது" என்று செந்தமிழில் சொன்னார். சஸ்பெண்ட் பேச்சு அதோடு முடிந்தது.

காரில் ஏறும் முன் எனக்கு ஒரு சொல் சொன்னார்: "இனிமே நடந்து முடிஞ்ச பொறவு எழுதும்மா. எல்லாத் தண்ணியையும் என்னால குடிக்க முடியாது." அன்று முதல் நான் எந்தச் செய்தியையும் முன்கூட்டி எழுதுவதில்லை. என் செய்திகள் தாமதமாக வருகின்றன என்று பத்திரிகைக்காரர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். அந்தத் திட்டுதான் அவர் எனக்கு விட்டுப்போன சொத்து. சந்தோஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்தால், இரங்கல் செய்தியைத் தயாராக எழுதி வைப்பதும் எங்கள் அலுவலக வழக்கம்தான். போன மாதம் அவர் படுத்தபோது என்னிடமும் கேட்டார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். அவருக்கு எங்கள் வழக்கமெல்லாம் அத்துப்படி. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டி, "என்னம்மா, எனக்கு எழுதி வச்சிட்டியா?" என்றார்.

"இல்ல சார்."

"நல்ல பிள்ள. பழத்தை உரி."

அண்ணாச்சி, நேற்று உங்களைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம். அந்தத் தெருவிலிருந்து வேன் பிடித்துப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லாவற்றையும் கடைசிவரை நின்று என் கண்ணால் பார்த்தேன். இப்போதுதான் எழுதுகிறேன்.