மெயினை அணைத்த பிறகும்

பவானிபூரில் ஒரு பழைய வீட்டில் வேலையை முடித்துவிட்டு பஸ் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். மூன்று வருடங்களுக்கு முந்தைய மழைக்காலம், பகல் பதினோரு மணி. சட்டைப்பையில் மின்சாரச் சோதனை அறிக்கை இருந்தது. அதை மின் அலுவலகத்தில் கொடுத்தால்தான் அந்த வீட்டுக்குக் கூடுதல் மின்சாரத்துக்கு அனுமதி கிடைக்கும்.

கீழ்த்தளத்தில் ஒரு தமிழ் மாமி இட்லி மாவு அரைத்து விற்றார். புதிதாகப் பெரிய கிரைண்டர் வாங்கியிருந்தார். லைசென்ஸ் உள்ளவர் நேரில் வந்து சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அண்ணன் என்ற பொருளில் நாங்கள் தாதா என்று கூப்பிடும் எங்கள் லைசென்ஸ் காண்டிராக்டரோ மாதத் தொடக்கத்திலேயே வெற்று அறிக்கைத் தாள்களில் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார். ஊர் ஊராக அலைந்து எட்டாவதோடு படிப்பு நின்ற, லைசென்ஸ் இல்லாத நான் மீதியை நிரப்புவேன். அன்றும் 'எர்த் சரி' என்று எழுதியிருந்தேன். உண்மையில் எர்த்துக்குக் குழியே தோண்டவில்லை. கிரைண்டரின் உடம்பிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தேன்.

கிளம்பும்போது அந்தக் குழாயில் கை கழுவினேன். எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. மாமி சிரித்தார்.

"அதுக்குள்ள ஒருத்தன் இருக்கான்ப்பா. மழை பெஞ்சா கையப் பிடிப்பான். நான் செருப்பக் கழட்டவே மாட்டேன்."

நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பஸ் நிறுத்தத்தில்தான் உறைத்தது. கிரைண்டர் வேலைக்காகக் கை கழுவும் முன்பே கீழ்த்தள மெயினை அணைத்தவன், அதைத் திரும்பப் போடவே இல்லை. அப்படியானால் என் கையைப் பிடித்தது எது?

திரும்பி ஓடினேன். கீழ்த்தளம் இருட்டாக இருந்தது. ஃபேன் சத்தம்கூட இல்லை. மாமியின் செருப்பு கிரைண்டர் அறை வாசலில் கிடந்தது. உள்ளே ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, புது கிரைண்டருக்குப் பொட்டு வைக்க விரலில் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டிருந்தார்.

"தொடாதீங்க மாமி!"

"மெயின் ஆஃப்லதானே இருக்கு? சாமி காரியத்துல ஏன்டா கத்தறே?"

டெஸ்டரை கிரைண்டரில் வைத்தேன். கரண்டே இல்லாத அந்தக் கீழ்த்தளத்தில் அது மட்டும் செக்கச்செவேலென்று எரிந்தது. மேல்மாடிக்காரரின் பழைய வயர் எங்கோ குழாயில் கசிந்துகொண்டிருந்தது. நான் கட்டிய கம்பி அதைக் கிரைண்டர்வரை கொண்டுவந்திருந்தது.

கம்பியை வெட்டினேன். டெஸ்டர் அணைந்தது.

தாதாவுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "ஆரே, ஃபார்மக் குடுத்துட்டு வா. இத்தனை வருஷத்துல எவன் செத்தான்?" என்றார். அறிக்கையைக் கிழித்துவிட்டேன் என்றேன். "அப்ப நாளைக்கு வராதே."

மேல்மாடி வயரைச் சரிசெய்து, எர்த் குழியும் தோண்டிய பிறகே மனு கொடுங்கள் என்று மாமியிடம் சொன்னேன்.

"துர்கா பூஜை ஆர்டரை உங்கப்பனா அரைப்பான்?" என்று கத்தினார். பிறகு தன் காலைப் பார்த்தார். போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை கிடர்பூரில் லாரிக்கு மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். மேஸ்திரி நீட்டிய மூட்டைக் கணக்குத் தாளில், ஒவ்வொரு மூட்டையையும் தொட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட்டேன். என்னைக் கிறுக்கன் என்று சிரித்தார்கள், ஆனால் கண்ணால் பார்க்காத எதற்கும் என் பெயரை எழுத இன்றுவரை எனக்குக் கை வருவதில்லை.