அந்தக் கால் இரைச்சல் இல்லை

அந்தப் பழைய இசைத்தட்டில் ஊசியை வைத்தபோது முதலில் கேட்டது வயலின் இல்லை. டக்... டக்... டக்... மரப்பலகையை மிதிக்கும் ஒரு சப்பாத்துக் கால்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். ஒஸ்லோவில் பழைய இசையை சிடியாக வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தில் எனக்குத் தற்காலிக வேலை. நகர ஓரத்தில் நான் குடியிருந்த ரொம்சோஸிலிருந்து ரயில் பிடித்துப் போவேன். நொர்வேயின் கிராமங்களில், பண்ணைக் களஞ்சியத்துக்குள் ஒருவர் வயலின் வாசிக்க ஊரே ஆடுமாம். அந்த இசையைப் பதிந்த, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய தட்டுகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

அவர்களுக்கு மிருதங்கம் கிடையாது. வாசிப்பவரின் கால்தான் தாளம். சனம் ஆடுவதே அந்தக் காலுக்குத்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கே இது ஒரே நாளில் விளங்கிவிட்டது. ஒஸ்லோவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் நொர்வேக்கார மனேஜருக்கு விளங்கவில்லை!

"உந்த டக் டக்கை வெட்டும். சிடி பழுது எண்டு சனம் திருப்பிக்கொண்டு வரும்."

"அது தாளமெல்லோ..." என்றேன்.

"இரைச்சல். பழைய ஃபைலுக்கு மேலேயே சேவ் பண்ணும், சேர்வரில இடமில்லை."

ஒவ்வொரு மிதியாகத் தேடி வெட்டினேன். இரண்டு நாள் பிடித்தது. அவர் சொன்னபடியே பழைய ஃபைலுக்கு மேலே சேவ் பண்ணினேன். இருந்த ஒரே தட்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற ஒருதரம் ஓடியதோடு பூச்சு உரிந்து போய்விட்டது.

பிறகு, வாசித்தவரின் மகள் வந்தார். எண்பதை நெருங்கிய அம்மா. எங்களுக்கென்று ஒரு டப்பா நிறைய வாஃபிள் சுட்டுக்கொண்டு வந்திருந்தார். ஹெட்போனைப் போட்டவரின் முகம் மாறிவிட்டது.

"அப்பாவின்ரை கால் எங்கை?"

எங்களுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, தானே தரையை மிதித்துக் காட்டினார்.

மனேஜர் சொன்ன பதிலைக் கேளுங்கள். "கீழ்மாடியில ஆக்கள் வேலை செய்யினம், மெல்ல." பிறகு என்னைக் காட்டி, "இவருக்கு எங்கடை இசை தெரியாது. வெட்டிப்போட்டார்."

எங்கடை இசையாம்! நான் ஹெட்போன் வயரைச் சுற்றி வைத்தேன். வேலை நிரந்தரமாகும் என்று காத்திருந்த காலம். அந்த அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு போனார். மனேஜர் இரண்டு வாஃபிள் தின்றார்.

இப்போது என் போனில், மகன் கேக் வெட்டிய ஒரே காட்சி பதினேழு வீடியோவாகக் கிடக்கிறது... ஒன்றையும் அழிக்க மனம் வரவில்லை. அன்று ஒரு மகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே காலடியை, இடமில்லை என்று அழித்தோம்.

சொன்னது மனேஜர்தான். பட்டனை அழுத்தியது என் விரல்.