ஏணிக்குக் கீழே ஆள்

சேலத்துக்கு மேலே மலையில் உள்ள கிளியூரைச் சேர்ந்த லாசருக்கு வயது ஐம்பத்திரண்டு. சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணி சாத்தி, அவற்றில் படர்ந்த கொடிகளில் மிளகு பறித்தவர். ஏணியின் அடியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பனிமூட்டத்தில் மேலே இருப்பவருக்கு அடி தெரியாது. அதனால் கீழே நிற்பவர் "புடிச்சிருக்கேன், எறங்கு" என்று குரல் கொடுக்காமல் யாரும் இறங்குவதில்லை. லாசருக்கு ஏணி பிடித்தவர் மனைவி செல்வமேரி. அவர் 2021 மே மாதம் காலமானார்.

அடுத்த ஆண்டு மைத்துனர் ஆண்டனி ராஜ், தாம் வேலை பார்க்கும் சென்னை உள்விளையாட்டு அரங்கில் லாசரையும் சேர்த்துவிட்டார். ஒரு வாரம் கைப்பந்து, மறுவாரம் பாட்டுக் கச்சேரி, பிறகு ஏதாவது கண்காட்சி. ஒவ்வொன்றுக்கும் ஏணி வழியே கூரையடி இரும்பு நடைபாதையில் ஏறி விளக்குகளைத் திருப்பி வைக்க வேண்டும். தவறி விழுந்துவிடும் என்பதால் கைபேசியைக்கூட மேலே கொண்டுபோகக் கூடாது. அங்கே லாசருக்குப் பேச்சுத்துணை கிடையாது. இறங்கும் நேரத்தில் மட்டும் ஆண்டனி ராஜ் கீழிருந்து குரல் கொடுப்பார்.

மகள் ஷெர்லினின் நிச்சயத்தை 2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை மாலை கிளியூரில் வைத்திருந்தார்கள். புதன்கிழமை தவக்காலம் தொடங்குவதால் தள்ளிப்போட வழியில்லை. பெண்வீட்டுத் தட்டை லாசர்தான் மாற்ற வேண்டும். காலையில் விளக்கு வேலையை முடித்துவிட்டு மைத்துனரோடு பஸ் ஏறுவதாக ஏற்பாடு.

வேலை முடிந்ததும் ஆண்டனி ராஜ் கீழே நின்று, "எறங்குங்க மாமா!" என்று கத்தினார். அந்த நேரம் பார்த்து அணிகளை வரவேற்கும் மேளம் தொடங்கியது. தம் குரல் மேலே எட்டவில்லை என்பது அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கு எடுத்த துணிகள் இருந்த பையோடு, பஸ்ஸில் இடம் பிடிக்க முன்னால் போனார். லாசரைக் காணாததால், வேறு பஸ்ஸில் வந்துவிடுவார் என்று நினைத்து ஏறிவிட்டார்.

விளக்குகளுக்கு மேலே ஒரே இருட்டு. ஏணியின் அடி தெரியவில்லை. லாசர் கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு காத்திருந்தார். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் மேற்பார்வையாளர் ஜெயபிரகாஷ் அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாண்ணே, மேலயே குடித்தனம் பண்றியா? ஊருக்குப் போகல?"

"கீழருந்து ஆரும் சொல்லலீங்களே."

"ஏணிய செவுத்துல போல்ட் போட்டு டைட் பண்ணிருக்கு. அத யாரு வந்து புடிக்கணும்? எறங்குண்ணே!"

சேலம் வந்து சேர்ந்தபோது மலைக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் காலை அவர் வீட்டுக்குள் நுழைகையில் வாடகை நாற்காலிகளை எடுத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்டனி ராஜே தட்டு மாற்றியிருந்தார்.

"ஏனுங்கப்பா, மேல இருந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாமில்லீங்க?" என்றாள் ஷெர்லின்.

"போட்டேன் கண்ணு. கீழ நொம்பப் பேரு இருந்தாங்க. எல்லாரும் கை தட்டிட்டு இருந்தாங்க."